அஃப்ரீன் பிடித்த களா நோன்பு

எங்கள் ஐந்தாவது மாடியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ள நான் மூக்கைத் தவிர வேறெதையும் செலவழித்ததில்லை. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் இந்த அடுக்குமாடியைக் கட்டியவர் புண்ணியவான். எல்லா வீட்டுக் கதவும் ஒரே நடைபாதையில் திறக்கிறது. பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாசலில் நின்றால் போதும். லிஃப்டிலிருந்து இறங்குகிறவர் முகம், கையிலிருக்கும் பை, பைக்குள் இருக்கும் சாமான் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். சட்டியில் இருப்பது ஒரே ஒரு கற்றாழை. அதற்கு இவ்வளவு தண்ணீர் ஆகாது என்று இடது பக்கத்து வீட்டு ஆலிஸ் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள்.

வலது பக்கத்து வீடு யூசுப்புடையது. சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான்: சாப்பிட்டவர்கள், இன்னும் சாப்பிடாதவர்கள். மனைவி சித்தி ஹாஜரா பிற்பகலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறாள். ஒரு பிள்ளை ஓர் எழுத்தை அழுத்தாமல் விட்டால் கீழ் மாடிக்கும் கேட்கிற மாதிரி திருத்துவாள். இவர்களுக்கு ஒரே மகள், அஃப்ரீன். வயது பதினாறு, நான்காம் படிவம்.

அஃப்ரீன் என்று அவளைப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் கூப்பிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே கன்னம் இரண்டும் ஆவியில் அவித்த பாவ் ரொட்டி மாதிரி உப்பியிருக்கும். அதனால் மாடி முழுக்க அவளுக்குப் 'பாவ்' என்றே பேர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பாசமாகத்தான்.

போன வருடம் நோன்புப் பெருநாளுக்கு யூசுப் வீட்டில் விருந்து. மாக் மண்டினில் கார் பட்டறை வைத்திருக்கும் ஹாஜராவின் அண்ணன் ஹைதர் குடும்பத்தோடு வந்திருந்தார். அஃப்ரீன் தட்டை எடுத்துக்கொண்டு வரும்போது கைப்பேசியை அவள் பக்கம் நீட்டிப் படம் பிடித்துக்கொண்டே, "பாவ் வருது, பாவ் வருது! சட்டிய ஒளிச்சு வைங்க லா! இது உக்காந்தா நமக்கு எலும்புதான் மிச்சம்!" என்றார். எல்லாரும் சிரித்தோம். அஃப்ரீன்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தாள். படம் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றியது. அங்கிருந்து யார் மூலமாகவோ அவள் வகுப்புப் பிள்ளைகளிடமும் போயிருக்கிறது. இது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அவள் லிஃப்டை விட்டுவிட்டாள். மாடிப்படியில்தான் ஏறுவாள், இறங்குவாள். ஒன்றும் வாங்காமலே கீழே போய்த் திரும்ப மேலே வருவாள். கேட்டால், "சும்மா மாமி, எக்சர்சைஸ்." பினாங்கு வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அலைந்தாள். ஹாஜரா வாசலைப் பெருக்கும்போது முறத்தில் தலைமுடி சுருள் சுருளாகச் சேர்ந்தது. "ஷாம்பு சரியில்லக்கா, மாத்தணும்" என்றாள்.

இந்த வருடம் ரமலான் வந்தது. அந்தப் பிள்ளை நோன்பு பிடித்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடியுமுன் சஹர் நேரத்தில் ஒரு பேரீச்சம்பழம், ஒரு குவளைத் தண்ணீர். மாலையில் பள்ளிவாசல் கஞ்சி வந்தால் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுப்பாள், தன் கிண்ணத்தைக் கடைசியில் எடுப்பாள், எடுத்ததைப் பாதியில் வைப்பாள். இரவில் தராவீஹ் தொழுகைக்கு அம்மாவுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். பெருநாளன்று எலுமிச்சை நிற பாஜு குரோங் உடுப்பில் அவள் நின்ற கோலத்தைப் பார்த்து, போன வருடம் 'எலும்புதான் மிச்சம்' என்றவர்களே "மாஷா அல்லாஹ், என்ன அழகு!" என்றார்கள். ஒல்லியாவதற்கு என்ன வழி என்று தங்கள் மகள்களுக்காகக் கேட்டார்கள்.

"வழி ஒண்ணும் இல்ல. நோம்ப ஒழுங்காப் பிடிச்சா உடம்பு தானா நல்லாயிடும்" என்று ஹாஜரா பூரித்தாள்.

பெருநாள் முடிந்ததும் ஆறு நோன்பு. அதன்பின் திங்களும் வியாழனும் சுன்னத்து நோன்பு. இதெல்லாம் நம் வீடுகளில் உள்ளதுதான். ஆனால் கொஞ்ச நாளில் மற்ற நாட்களும் நிரம்பிவிட்டன. என்னவென்று ஹாஜராவைக் கேட்டேன். "களா பிடிக்கிறாக்கா" என்றாள், குரலைத் தாழ்த்தி, ஆனால் பெருமையைத் தாழ்த்தாமல். "ரமலான்ல விட்டதை இப்பவே திருப்பிப் பிடிச்சு முடிக்கப் போறாளாம். நம்ம வயசுல நாம எவ்வளவு நாள் தள்ளிப் போட்டோம்?" நான் அதை நடைபாதை முழுக்கச் சொன்னேன். நல்ல சேதியையும் நான் சொல்வேன் என்பதற்கு இது சாட்சி.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு, சாயங்காலம் ஆலிஸும் நானும் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அஃப்ரீன் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். சுவரைப் பிடித்துக் கொஞ்சம் நின்றாள். உதடு வெளுத்திருந்தது. "தேத்தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றாள் ஆலிஸ்.

"நோம்பு, ஆன்ட்டி." சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

"இன்னுமா?" என்று ஆலிஸ் என் பக்கம் திரும்பினாள். ஆலிஸ் மாதா கோயில் ஆள். "எங்க தவக்காலத்துல வெள்ளிக்கிழமை கறி இல்லன்னாலே எங்க வீட்டுக்காரர் ஆரோக்கியநாதன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. இந்தப் பிள்ளை என்ன, வருஷம் பூராவா?"

"களா பிடிக்குது. பொம்பளப் பிள்ளைங்களுக்கு மாசத்துல தொழுகை இல்லாத நாள் வரும்ல, அப்ப நோம்பு கூடாது. அதைப் பின்னால திருப்பிப் பிடிக்கணும்."

"அது ஒரு வாரம் இருக்குமா? பெருநாள் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுதே. அப்படி எத்தனை நாள் விட்டா அவ?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே இருந்துவிட்டேன். நான் பதில் சொல்லாமல் இருந்ததை ஆலிஸ் அதுவரை பார்த்ததில்லை. "என்னாச்சு, சுட்டுடுச்சா?" என்றாள்.

விஷயம் இதுதான். அஃப்ரீன் பெரியவளானதிலிருந்து ஒவ்வொரு ரமலானிலும், தொழுகை இல்லாத நாட்களில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் வீட்டில் அத்தா இருப்பார், ஓத வருகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் கண்ணெதிரே எப்படிச் சாப்பிடுவது? என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் தனி ஆள். என் சமையலறையில் உட்கார்ந்து முட்டை உடைத்து ஊற்றிய மெகி மீ நூடுல்ஸ் ஒரு கிண்ணம், சில நாள் இரண்டு கிண்ணம் சாப்பிடுவாள். எனக்கும் வாய்க்குக் கொஞ்சம் ஊர்க்கதை கிடைக்கும். இந்த ரமலானில் அவள் ஒரு நாள்கூட வரவில்லை. வீட்டிலேயே சாப்பிடுகிறாள் போல என்று நான் இருந்துவிட்டேன்.

மறுநாள் யூசுப் கடைக்குப் போனதும் ஹாஜராவைத் தேடிப் போனேன். குர்பானி இறைச்சி வாங்கப் பாத்திரங்களைத் துலக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஹாஜரா, ரமலான்ல அஃப்ரீன் தொழுகை லீவு நாள்ல எங்க சாப்பிட்டா?"

"உங்க வீட்டுலதான். இதென்னக்கா கேள்வி?"

"இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வரவே இல்லயே."

அவள் கை நின்றது. "அப்ப இங்கயே சாப்பிட்டிருப்பா. நான் தூங்குறப்ப."

"சரி. தராவீஹுக்கு எத்தனை நாள் வராம இருந்தா?"

ஹாஜரா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நாங்கள் மூவரும் ஒரே வரிசையில்தான் நின்று தொழுதோம். அந்த மாதம் முழுக்க, ஒரு நாள் விடாமல், எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கண்ணால் பார்த்தோம். பார்த்துச் சந்தோஷப்பட்டோம். மாதவிடாய் வருகிற பெண் மாதம் முழுவதும் தொழ முடியாதே என்று எங்கள் இருவரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"விட்டாத்தானே களா," என்றேன். "அவ எதையும் விடல. அவளுக்கு நின்னு போயிருக்கு, ஹாஜரா. இது நோம்பு இல்ல. பிள்ளை பட்டினி கிடக்குது."

அவள் முகம் சிவந்துவிட்டது. "என் பிள்ளை தொழுகை, இபாதத்துன்னு இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கல. குண்டா இருந்தா குண்டுன்னு பேசுவீங்க. நல்லா இருந்தா நோயின்னு பேசுவீங்க. நாளைக்கு நடைபாதை பூரா இதத்தான் பேசப் போறீங்க, இல்ல?"

சுள்ளென்றுதான் இருந்தது. ஆனாலும் கிளம்பும்போது சொன்னேன்: "நான் பேசல. நீ ஒண்ணு மட்டும் செய். பெருநாள் அன்னைக்கு நோம்பு பிடிக்கிறது ஹராம். அதுக்கப்புறம் மூணு நாளும் ஹராம். நீயே ஓதிக் குடுக்கிறவ, உனக்கு நான் சொல்லணுமா? அந்த நாள்ல அவ என்ன செய்றான்னு பாரு."

பெருநாளன்று அவள் என்னைக் கூப்பிடமாட்டாள் என்று நினைத்தேன். யூசுப்தான் வந்து, "என்னக்கா, கறி ஆறுது, இன்னும் வாசல்ல நிக்கிறீங்க?" என்று அழைத்துப் போனார். ஆலிஸும் வந்தாள். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் இறைச்சிக் குழம்பு, தால்ச்சா, நெய்ச்சோறு. அஃப்ரீன் ஓடி ஓடிப் பரிமாறினாள். "இன்னும் வைங்க ஆன்ட்டி", "மாமி, எலும்பு வேணுமா?" என்று ஒவ்வொருவர் தட்டையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். மற்றவர்கள் மெல்லுவதை அவள் பார்த்த பார்வை எனக்கு என்னவோ செய்தது. ஹாஜரா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கண் மட்டும் மகள் பின்னாலேயே போய் வந்தது.

"போதும்மா, நீ உக்காரு" என்று யூசுப் தன் பக்கத்தில் ஒரு தட்டை வைத்தார். கடையில் ஊற்றுகிற அதே வாகில் சோற்றின் மேல் குழம்பை வட்டமாக ஊற்றினார்.

"நான் நோம்பு, அத்தா" என்றாள் அஃப்ரீன்.

வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆலிஸ் மட்டும் விவரம் புரியாமல், "பரவாயில்ல, சாயங்காலம் சாப்பிடட்டுமே" என்றாள். நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

யூசுப் சிரித்தார். "இன்னைக்கா? என்னம்மா, உஸ்தாத் கேட்டா அடிப்பாரு!"

பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்ட திருட்டு முழி அதில் இல்லை. ஒளிந்திருந்த இடத்தின் கூரையை யாரோ பிய்த்தெடுத்துவிட்ட மாதிரி விழித்தாள். "மறந்துட்டேன்" என்று உட்கார்ந்தாள். ஒரு சின்ன உருண்டை உருட்டினாள். வாயில் வைத்தாள். அது உள்ளே போகவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்து, கண்ணில் நீர் முட்ட, மென்றுகொண்டே இருந்தாள்.

"முழுங்கும்மா" என்றாள் ஹாஜரா. குரலில் ஆசிரியை இல்லை.

"முடியலம்மா. பயமா இருக்கு."

"எதுக்கு பயம்? யாரு என்ன சொன்னா?"

"யாரும் இல்ல. சோறுதான். சோத்தப் பாத்தாலே பயமா இருக்கு."

ஹாஜரா எழுந்து, கை கழுவாமலே மகளை அணைத்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. யூசுப் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். எத்தனை வருடமாக, எத்தனை பேருக்குச் சோறு போட்ட மனுஷன். கடைசியில் என்னைப் பார்த்து, "அக்கா, என்ன சமைச்சுக் குடுத்தா சாப்பிடுவா?" என்று கேட்டார். எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத எனக்கு அன்று அதுதான் வாயில் வந்தது.

அன்று மாலை ஆலிஸின் மகள் ஷேரன் வந்தாள். பெரிய மருத்துவமனையில் நர்ஸ். அஃப்ரீனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். எழுந்து நிற்கச் சொன்னாள், திரும்பப் படுக்கச் சொன்னாள். பிறகு எங்களைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "நாடி ரொம்ப மெதுவா ஓடுது, ஆன்ட்டி. இது நோய்தான், அடம் இல்ல. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. உடம்புக்கு ஒரு டாக்டர் பாப்பாரு, மனசுக்கு ஒரு டாக்டர் பாப்பாரு" என்றாள்.

"மனசுக்குன்னா? மென்டல் டாக்டரா?" ஹாஜரா முந்தானையை இறுக்கினாள். "அதெல்லாம் வேணாம். யார் கண்ணோ பட்டிருக்கு. உஸ்தாத்துகிட்ட தண்ணி ஓதி வாங்கிட்டு வர்றேன்."

"ஓதின தண்ணியும் குடிக்கட்டும். டாக்டரையும் பாக்கட்டும். ஒண்ணுக்கொண்ணு சண்டை இல்லயே" என்றாள் ஷேரன். "இப்படியே விட்டா இதயம் நின்னுகூடப் போகலாம். பயமுறுத்தச் சொல்லல."

ஹாஜரா அழத் தொடங்கினாள். "அந்த டாக்டர் வாசல்ல என் பிள்ளைய யாராச்சும் பாத்துட்டா? நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வந்தா?"

நான் சொன்னேன்: "இந்த ஊர்ல பாக்குறவ, பாத்ததச் சொல்றவ, யாரு? நான் ஒருத்திதான். நானும் உங்க கூடவே வர்றேன். அப்புறம் பாக்கறதுக்கு யாரு இருக்கா?"

அழுகையின் நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் போனோம். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி வியாழக்கிழமை தோறும் வர வேண்டும், தாங்கள் சொல்லும்வரை எந்த நோன்பும் கூடாது என்றார்கள். ஹாஜரா அதை மகளுக்குத் தன் பாணியில் சொன்னாள்: "நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை குடுத்திருக்கான். அத வேணாம்னு சொல்ல நீ யாரு?"

மாடியில் கேட்டவர்களுக்கு நான், பல்லுக்குக் கம்பி போடுகிறார்கள் என்று சொல்லி வைத்தேன். நான் சொன்னால் நம்பாதவர் இல்லை. ஒரு நாள் அஃப்ரீன் வந்து, "மாமி, ஏன் எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சில நாள் அந்த வீட்டிலிருந்து தட்டு விழும் சத்தம் கேட்கும். சில நாள் சத்தமே இருக்காது, அது அதைவிட மோசம். யூசுப் கடையை விட்டுவிட்டு மூன்று வேளையும் ஓடி வந்து மகள் எதிரே உட்கார்ந்தார். ஹாஜரா ஒவ்வொரு வாயும் தொண்டையைத் தாண்டுகிறதா என்று பார்த்தாள். ஒரு நாள் மதியம் அஃப்ரீன் என் வாசலில் வந்து நின்றாள். "மாமி, உங்க வீட்டுல சாப்பிடட்டுமா? அங்க ரெண்டு பேரும் என்னப் பாத்துக்கிட்டே இருக்காங்க. டாக்டர்கிட்ட கேட்டேன். யாராச்சும் பெரியவங்க கூட இருந்தாப் போதும்னு சொன்னாரு."

முட்டை உடைத்து ஊற்றி மெகி மீ செய்து வைத்தேன்.

"மாமி, நீங்களும் பாக்கக் கூடாது."

என்னிடம் போய் இதைக் கேட்கிறாள். ஆனாலும் திரும்பி நின்றுகொண்டேன். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். அன்று முதல் தினமும் மதியம் அப்படித்தான். அவள் மேசையில், நான் தொட்டிப் பக்கம் முகம் வைத்து. கரண்டிச் சத்தத்தை வைத்துத்தான் எனக்கு எல்லாம் தெரியும். சில நாள் மூன்று நான்கு தடவையோடு நின்றுவிடும். சில நாள் கிண்ணத்தின் அடியை உரசும். அந்த உரசலைக் கேட்ட நாளில் ஹாஜராவுக்குச் சுவரில் ஒரு தட்டுத் தட்டிச் சொல்வேன்.

நேற்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதிக் கிண்ணம் இருக்கும். அப்போது ஆலிஸ், கருவேப்பிலை கேட்டு, திறந்திருந்த கதவு வழியே நேரே உள்ளே வந்துவிட்டாள். ஊரில் இல்லாத நல்லவள். அஃப்ரீனைப் பார்த்ததும் மனசாரச் சந்தோஷப்பட்டு, "அடியே, கன்னம் வந்துடுச்சே! எங்க பாவ் திரும்பி வந்துட்டா!" என்றாள்.

கரண்டி நின்றது.

நான் திரும்பவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். குழாயை மட்டும் மூடினேன், காது கேட்க வேண்டுமே. ஆலிஸ் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. "ஐயோ, நான் அப்படிச் சொல்லல கண்ணு, நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினாள். நாற்காலி லேசாகப் பின்னால் நகர்ந்தது. அஃப்ரீன் எழுந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி," என்றாள் அஃப்ரீன். "அந்தப் பேரு வேணாம். கன்னத்தப் பத்தியும் வேணாம். யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சரிம்மா" என்றாள் ஆலிஸ். கருவேப்பிலையை வாங்காமலே போய்விட்டாள்.

அஃப்ரீன் போகவில்லை; கிண்ணத்தில் மீ ஊறிக்கொண்டிருந்தது. ஆறினால் நன்றாக இருக்காது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஹாஜரா நான் சுவரில் தட்டுவதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கையில் ஈரக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, மூக்குக்கு நேரே இருந்த சுவர் ஓடு ஒன்றையும் அதன் விரிசலையும் பார்த்தபடி, முதுகில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தேன்.